பிரிக்காத பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

இன்று என் போனை நானே துவைத்துவிட்டேன்.

ஏப்ரன் பையில் போட்டதை மறந்து, ஏப்ரனைக் கழற்றி, படுக்கை விரிப்புகளோடு சேர்த்து மெஷினில் திணித்துவிட்டேன். ஓட்டல் சலவைக்கூடத்தில் விருந்தினர்களின் சட்டைப் பைகளைத் துழாவி, பேனா, சாவி, மாத்திரைப் பட்டை எல்லாம் எடுத்து வைக்கிறவள் நான். ‘பையைப் பாக்காம மெஷின்ல போடாதே’ என்று புதிதாக வருகிறவர்கள் காதைத் திருகாத குறையாகக் கத்துகிறவளும் நான்தான். வெந்நீர்ச் சுற்று ஓடும்போது டொக் டொக்கென்று சத்தம் வந்தபோதுகூட, எவனோ சாவியை விட்டுவிட்டான் என்று அந்த ‘எவனை’த் திட்டிக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்தால் என் போன். பளபளவென்று இருந்தது, அவ்வளவு சுத்தமாக அது எப்போதும் இருந்ததில்லை. என்னோடு இஸ்திரி மேசையில் நிற்கும் ‘ரேடியோ’ (வாய் மூடாததால் அந்தப் பெயர்) வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்படியே இஸ்திரியும் போட்டுரு, ஹேங்கர்ல மாட்டிரலாம்” என்கிறாள். பாவி.

மார்ச் 5, புதன்

வேறு வழியில்லை. மியூசியத்தைத் திறந்தேன்.

மியூசியம் என்பது என் அலமாரிக்கு இவரும் மகனும் வைத்திருக்கும் பெயர். பிரிக்காத கோப்பைகள், பிரிக்காத படுக்கை விரிப்பு, பாலித்தீன் உறையோடு ஒரு குடை. எல்லாவற்றுக்கும் மேல்தட்டில், என் நல்ல துணிகளுக்கு நடுவே, மகன் வாங்கிக் கொடுத்த போன். போன வருஷம் பிப்ரவரியில், முதல் சம்பளத்தில், வேறு ஊருக்கு வேலைக்குப் போனவன் முதல் விடுமுறைக்கு வந்தபோது, இங்கே கடைத்தெருவில் வாங்கிக் கையில் வைத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை பேசும்போதும் “அம்மா, பிரிச்சீங்களா?” என்பான். “பிரிக்கறேன்டா, என்ன அவசரம்?” என்பேன். இது எங்கள் வீட்டு ஜோக்.

பிரித்துவிட்டால் பழசாகிவிடும், அதுதான் என் பயம். அலமாரி துடைக்கிற நாட்களில் பெட்டியை எடுத்து, துடைத்து, ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன். அதில் எனக்கு எவ்வளவு திருப்தி என்று யாரிடமும் சொன்னதில்லை.

இன்று பிளேடால் சீலைப் பதமாக அறுத்தேன். கிழிக்கவில்லை. மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் சிம் கார்டு எல்லாம் போட்டுக் கொடுத்தாள். மகனுக்கு முகம் பார்த்துப் பேசுகிற கால் போட்டேன். எடுத்ததும் “பிரிச்சிட்டீங்களாம்மா!” என்று ஒரு கத்தல். வேலையிடத்தில் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டினான். நான் நைட்டியோடு இருந்தேன். மானம் போயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

படம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். இவர் வாயைத் திறந்து தூங்குவதை எடுத்து மகனுக்கு அனுப்பினேன். ரொம்ப தெளிவாக வந்திருக்கிறது.

மார்ச் 26, புதன்

திரையில் ஒரு பச்சைக் கோடு. மேலிருந்து கீழே, நூல் பிடித்த மாதிரி. துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. ஏதாவது அழுத்தியிருப்பேனோ?

மார்ச் 27, வியாழன்

போய்விட்டது. சாயங்காலம் கோடு நாலாகி, எட்டாகி, திரை முழுக்கப் பச்சை. அப்புறம் கறுப்பு. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

கீழே போடலை, தண்ணி படலை, ஏப்ரன் பையில்கூட வைக்கலை. அந்தப் பாடம்தான் படிச்சாச்சே! கைப்பைக்குள்ள, கைக்குட்டை சுத்தி வெச்சிருந்தேன். மூணு வாரம். மூணே வாரம்!

மார்ச் 28, வெள்ளி

வேலை முடிந்து நேரே கடைக்குப் போனேன். பெட்டி, பில், எல்லாம் எடுத்துக்கொண்டு. கடைக்காரர் பில்லைப் பார்த்தார், போனைப் பார்க்கவே இல்லை.

“ஒரு வருஷ வாரண்டிம்மா. போன மாசமே முடிஞ்சிருச்சு.”

“நான் இதைப் பிரிச்சே மூணு வாரம்தாங்க ஆச்சு.”

“பில்லு பதிமூணு மாசம் சொல்லுதே.”

“பீரோல வெச்சிருந்தேன்.”

அவர் சிரித்தார். பக்கத்தில் கவர் மாட்டிக்கொண்டிருந்தவரிடம் திரும்பி, “கேட்டியா, போனை வாங்கி பீரோல வெச்சாங்களாம்” என்றார். அவரும் சிரித்தார். கடையில் நின்ற யாரோ ஒரு அம்மாள்கூடச் சிரித்தாள். அவள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால் தெரியும்!

“நல்லா ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு இப்படி வந்து நிக்கறாங்க, நாங்க என்னம்மா பண்றது” என்றார். பொய் சொல்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வாயடைத்துப் போய் வந்துவிட்டேன். நான்! வாயடைத்து! ரேடியோ நம்ப மாட்டாள்.

மார்ச் 29, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் எடுத்து, ஏசி குளிரில் உட்கார்ந்திருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் நல்ல பெண். பொறுமையாகக் கேட்டாள், சிரிக்கவில்லை. “நீங்க லேட்டாத்தான் பிரிச்சீங்கன்னா அது சிஸ்டத்துலயே தெரியும் மேடம். முதல்ல எப்ப ஆன் பண்ணினாங்கன்னு பதிவாயிருக்கும்” என்றாள். எனக்கு உயிர் வந்தது. அந்தக் கடைக்காரன் மூஞ்சியில் இதைக் காட்டணும் என்று மனசுக்குள் கிளம்பியே விட்டேன்.

பெட்டியில் இருந்த நம்பரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

“மேடம், இது முதல்ல ஆன் ஆனது போன வருஷ பிப்ரவரிலயும் இல்ல, இந்த மார்ச்லயும் இல்ல. அதுக்கும் முந்தின நவம்பர்.”

“எந்த நவம்பர்?”

“உங்க பில்லுக்கு முன்னாடி வர்ற நவம்பர்.”

புரியவில்லை. அவள் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். நவம்பர், அதற்குப் பின் பிப்ரவரி. யாரோ ஆன் பண்ணியிருக்கிறார்கள். யாரோ பேசியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் என் மகன் அதை வாங்கியிருக்கிறான்.

“அப்படின்னா… பழசா?”

“அப்படித்தான் தெரியுது மேடம். சாரி.”

ஒரு வருஷம், தூசு படாமல், கைபடாமல் துடைத்துத் துடைத்து வைத்தேனே. யாரோ காதில் வைத்துத் தூக்கிப் போட்டதையா? ஒரு தடவை வெளுத்த துணிக்கும் புதுத் துணிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்கிற விரல் இது. அந்த விரலால்தானே வாரா வாரம் தடவினேன்? ஒன்றும் தெரியவில்லையே!

பஸ்ஸில் எந்த நிறுத்தத்தில் இறங்கினேன் என்றே ஞாபகம் இல்லை. நடந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே சொல்கிறார்: “பையன் செகண்ட் ஹேண்டு வாங்கியிருப்பான். விடு. முதல் சம்பளம், அவன்கிட்ட என்ன இருந்திருக்கும்?”

விடு என்கிறார். சாதாரணமாக. வேன் ஓட்டுகிறவர், ஹாரன் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறார்.

என் பிள்ளை அப்படிச் செய்வானா? செய்ய மாட்டான். செய்ய மாட்டான்தானே? கொடுத்தபோது “பில்லைப் பத்திரமா வைங்கம்மா” என்று ரெண்டு தடவை சொன்னானே, எதற்கு? ஒவ்வொரு தடவையும் “பிரிச்சீங்களா, பிரிச்சீங்களா” என்று கேட்டானே. குட்டு எப்போது வெளிப்படும் என்று பயந்தா கேட்டான்? சீ! என்ன புத்தி எனக்கு? பெற்ற பிள்ளையை.

ஆனால் நினைப்பு வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி அனுப்பத் தெரியவில்லை.

பழசு கொடுத்திருந்தால்கூட எனக்கு ஒன்றுமில்லை. பழசு என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அதையும் துடைத்து வைத்திருப்பேன். புதுசு என்று பொய் சொல்லியிருந்தால்? அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மகன் இவர் போனுக்குக் கூப்பிடுகிறான். குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். நேற்றும் குளித்தேன். முந்தாநாளும் குளித்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ரேடியோவிடம் பாதிதான் சொன்னேன். வாரண்டி முடிந்தது, கடைக்காரர் சிரித்தார், போன் பழசு என்பது வரை. மகனைப் பற்றிய நினைப்பைச் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் நாலு மாடிக்கும் ஒலிபரப்பாகிவிடும்.

நீராவி இஸ்திரிப்பெட்டியை மேசையில் நங்கென்று வைத்தாள். “வாரண்டி முடிஞ்சா எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு யார் சொன்னது? என் அண்ணி ஃப்ரிட்ஜுக்கு அலைஞ்சதுல எனக்கே பாதி சட்டம் தெரியும். நுகர்வோர் உதவி மையம்னு ஒண்ணு இருக்கு. நாளைக்கு நீ போற. இல்ல, நானே உன்னை இழுத்துட்டுப் போவேன்.”

ஏப்ரல் 5, சனி

இழுத்துக்கொண்டுதான் போனாள்.

மையம் ஒரு பழைய கட்டடத்தில், மாடியில். மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி அம்மா. பில், பெட்டி, சர்வீஸ் சென்டர் பெண் எழுதிக் கொடுத்த தேதி எல்லாவற்றையும் பார்த்தார். அப்புறம் ஒன்று சொன்னார், என்னால் நம்பவே முடியவில்லை.

“வாரண்டிங்கறது கம்பெனி தானா குடுக்கற வாக்கும்மா. உங்க உரிமை அதோட முடிஞ்சு போறதில்ல. விக்கும்போதே பொருள்ல குறை இருந்திருந்தா வித்தவர்தான் பதில் சொல்லணும். அதுக்கும் ஒரு கால வரம்பு இருக்கு, நீங்க அதுக்குள்ளதான் இருக்கீங்க. பழசைப் புதுசுன்னு வித்திருந்தா அது வேற குற்றம்.”

இத்தனை காலம்! வாரண்டி அட்டையில் தேதி தாண்டிவிட்டால் சாமான் செத்தது என்று தூக்கிப் போட்டிருக்கிறோமே. மிக்ஸி, மின்விசிறி, அந்த வாட்டர் ஹீட்டர்! ஒரு மனுஷர்கூட எங்களுக்குச் சொல்லவில்லையே!

கடைசியில் அதிகாரி அம்மா, “பில் உங்க மகன் பேர்ல இருக்கு. அவர்தான் புகார் தரணும். புதுசுன்னு சொல்லித்தான் வாங்கினார்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போடணும்” என்றார்.

அவனே எழுதணும். அவனிடம் நான் கேட்கணும்.

“இதுல என்ன யோசனை உனக்கு?” என்றாள் ரேடியோ, படி இறங்கும்போது.

ஏப்ரல் 6, ஞாயிறு

கேட்டேன். கேட்கக்கூடாத மாதிரி கேட்டேன்.

கூப்பிட்டவுடன் “என்னம்மா, குளிச்சு முடிச்சாச்சா?” என்று சிரித்தான். அங்கேயே சொல்லியிருக்கலாம். போன் கெட்டுப்போச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான், புகார் கொடுக்கணும்னு. அப்படித்தான் சொல்ல நினைத்தேன், பல் துலக்கும்போது ஒத்திகைகூடப் பார்த்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

“அந்தப் போனைப் புதுசாத்தான் வாங்கினியா?”

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“ஏம்மா அப்படிக் கேக்கறீங்க?”

சொன்னேன். நவம்பர், பிப்ரவரி, எல்லாம். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். “அப்ப நான் பழசை வாங்கி உங்களை ஏமாத்திட்டேன்னு நெனச்சீங்க. அதான் இத்தனை நாளா குளிச்சீங்க.” இல்லடா, அப்படி இல்லடா என்றேன். அப்படித்தானே? அவனுக்குத் தெரியாதா என் குரல்?

“என்ன எழுதணும்னு அனுப்பச் சொல்லுங்க. எழுதித் தர்றேன்.” வைத்துவிட்டான்.

ஏண்டி உனக்கு இந்த வாய்? ஒரு வருஷம் பெட்டிக்குச் சீல் வெச்சியே, இதுக்கு ஒரு சீல் வெச்சியா?

ஏப்ரல் 10, வியாழன்

எழுதி, கையெழுத்துப் போட்டு நேரே மையத்துக்கே அனுப்பிவிட்டானாம். எனக்கு ஒரு வரி இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

விசாரணை மே எட்டாம் தேதி. அவனும் வரணுமாம். வருகிறேன் என்று இவரிடம் சொல்லியிருக்கிறான். “நல்லாத்தான் பேசறான்” என்கிறார் இவர். இவருக்கு எல்லாரும் நல்லாத்தான் பேசுவார்கள்.

மே 8, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது?

காலை வண்டியில் இறங்கி நேரே மையத்துக்கு வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். “சாப்டியா?” என்றேன். “ம்” என்றான். பெஞ்சில் எனக்கும் அவனுக்கும் நடுவில் அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது, மூன்றாவது ஆள் மாதிரி.

கடைக்காரர் வந்தார். முதலில் பழைய பாட்டுதான். வாரண்டி முடிந்தது, கம்பெனி விதி, நான் சின்னக் கடைக்காரன். அதிகாரி அம்மா குறுக்கே பேசவில்லை. அவர் முடித்ததும் தேதி எழுதிய சீட்டை எடுத்து முன்னால் தள்ளினார்.

“நீங்க பிப்ரவரில வித்த புதுப் போன் நவம்பர்லயே எப்படிங்க ஆன் ஆச்சு?”

கடைக்காரர் குனிந்து படித்தார். ரொம்ப நேரம் படித்தார், அங்கே இருந்தது ஒரே வரி. அப்புறம் என் மகனைப் பார்த்தார். ‘தம்பிக்குத் தெரியுமே’ என்று சொல்லிவிடுவாரோ? அந்த ஒரு நொடியில்கூட, என் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதுகூட, நான் அப்படித்தான் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

“தம்பிகிட்ட சொல்லல,” என்றார் கடைக்காரர். “ஒருத்தர் வாங்கிட்டுப் போய் ஒரு வாரத்துல திருப்பிக் குடுத்துட்டாரு. டிஸ்ப்ளேல லைட்டா ஒரு கோடு. நாங்க சரி பண்ணி, திரும்ப சீல் போட்டு வெச்சோம். புது மாதிரிதான் இருந்துச்சு. எல்லாக் கடையிலயும் நடக்கறதுதான் மேடம்.”

எல்லாக் கடையிலும் நடப்பதுதானாம்! அதே கோடு! முதல் ஆளிடமும் அதே கோடு! ஒரு வருஷம் என் அலமாரியில் என் நல்ல துணிகளுக்கு நடுவே அந்தக் கோடும் சேர்ந்தே படுத்திருந்திருக்கிறது. நான் பிரித்திருந்தால் மூன்றாவது வாரத்திலேயே தெரிந்திருக்கும், வாரண்டிக்குள்ளேயே தெரிந்திருக்கும்.

“நாங்க பொய் சொல்றோம்னு கடைக்குள்ள வெச்சு சிரிச்சீங்களே!” என்று கேட்டேவிட்டேன். கடைக்காரர் மேசையைப் பார்த்தார்.

புதுப் போன் தருவதாக எழுதிக் கொடுத்தார். அதிகாரி அம்மா இன்னும் என்னென்னவோ எழுத வைத்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

படி இறங்கும்போது சொன்னேன். “மன்னிச்சிருடா. உன்னைப் போய் சந்தேகப்பட்டுட்டேன்.”

“அது பரவாயில்லம்மா.”

“கோவமில்லையா?”

நடுப்படியில் நின்றான். பெட்டி அவன் கையில் இருந்தது. “சந்தேகப்பட்டது ஒரு மாசம்தானே. ஒரு வருஷம் பிரிக்காம வெச்சிருந்தீங்களே, அதுதான்மா. ஒவ்வொரு தடவையும் கேப்பேன், ஒவ்வொரு தடவையும் சிரிப்பீங்க. நான் குடுத்தது உங்களுக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சேன். உங்களுக்கு வேண்டியது எதுன்னு தெரியாம வாங்கிட்டேனோன்னு.”

அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

ஜோக் என்று நினைத்தேனே! வீட்டு ஜோக் என்று இதே நோட்டில் எழுதியும் வைத்தேனே! பிடிக்காமலா? பிடித்ததால்தானே தொடவில்லை? ஐயோ, இதை நான் அவனிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறேனா? பெட்டியைத் துடைப்பேன், பார்ப்பேன், திருப்தியாக இருக்கும் என்று ஒரு தடவை? அவன் அங்கே வேறு ஊரில், ஏதோ ஒரு அறையில், போனை வைத்துவிட்டு இப்படியா நினைத்துக்கொண்டிருந்தான்?

சொன்னேன். படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், துடைக்கிற துணி என்ன நிறம் என்பது உட்பட. அழுதேனா என்று கேட்டால், ஆமாம். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். “இதையெல்லாம் போன்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றான் கடைசியில். மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

மே 9, வெள்ளி

அவன் ஊருக்குக் கிளம்புவதற்குள் கடைக்குப் போனோம். கடைக்காரர் புதுப் பெட்டியை எடுத்து வைத்தார். நம்பரைச் சர்வீஸ் சென்டரில் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் தொட்டேன். இதுவரை ஆன் ஆகவே இல்லை என்று அந்த நல்ல பெண்ணே சொன்னாள்.

“வீட்டுல போய்ப் பதமா பிரிச்சுக்குங்கம்மா” என்று பிளேடை நீட்டினார் கடைக்காரர்.

வேண்டாம் என்றேன். அங்கேயே, கவுன்டரிலேயே, நகத்தால் சீலைக் கிழித்தேன். சர்ரென்று ஒரு சத்தம். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிழிந்ததைக் கசக்கி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மகன் தெருவுக்கு வந்ததும் அங்கேயே நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

மே 18, ஞாயிறு

மியூசியம் மூடப்பட்டது. கோப்பைகளை எடுத்துக் கழுவினேன். புது விரிப்பை விரித்தேன். ஊரார் படுக்கைக்கெல்லாம் வாழ்நாள் முழுக்க மடிப்புக் கலையாத விரிப்பு போட்டவள், என் கட்டிலுக்கு இன்றுதான் போடுகிறேன். இவர் ஓரமாகவே படுத்திருக்கிறார். “நடுவுல படுங்க” என்றால், “அழுக்காயிருமோ?” என்கிறார். ஆகட்டும், வெளுக்கத் தெரிந்தவளைத்தானே கட்டிக்கொண்டிருக்கிறார்!

புதுப் போன் கிடைத்ததைக் கேட்டதிலிருந்து ரேடியோ தன் வீட்டு மின்விசிறி பில்லைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைத்தபாடில்லை.

ஜூன் 3, செவ்வாய்

துணி மடிக்கிற மேசையில் போனை வைத்திருந்தேன். யாரோ சாவிக்கொத்தைத் தூக்கி அதன் மேலேயே போட்டார்கள். மூலையில் ஒரு கீறல், விரல் நக அளவு.

திக்கென்றது. பழக்கம் போகுமா? முன்னெல்லாம் என்றால் அந்த யாரோவைத் தேடிப் பிடித்து ஒரு வாரம் வறுத்தெடுத்திருப்பேன். விரலை வைத்துப் பார்த்தேன், நன்றாகவே தெரிகிறது.

மகனைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே காட்டினேன். “பாருடா, கீறல் விழுந்திருச்சு.” பார்த்தான். கிட்டக் காட்டச் சொன்னான். இன்னும் கிட்டக் காட்டினேன்.

சிரித்தான். ரொம்ப நேரம் சிரித்தான், நான் வேலைக்கு நேரமாச்சு என்று சொல்லும் வரைக்கும்.